தக்காளிக்கு நட்ட தடி

ரெய்னர்ஸ் லேன்
9 பெப்ரவரி 2025

தினி,

உன்னுடைய போன் என்னுடைய இலக்கத்தை ஏற்பதில்லை என்பது விளங்கிவிட்டது. போன சனிக்கிழமை சட்டனுக்கே, உன் வீட்டுக்கே வந்தேன். மணியடித்தேன். மேல் அறைத் திரைச்சேலை அசைந்தது, கதவு திறக்கவில்லை. உனக்கென்று வாங்கிய முருங்கைக்காய்கள் பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருக்க அப்படியே ரயிலில் திரும்பினேன். அதனால்தான் கடிதம். கிழித்துப் போடுவதென்றாலும் கையில் எடுத்துத்தானே ஆகவேண்டும்.

என்ன பிழை செய்தேன் என்று சொல்லு. என் சித்திரக்கதைப் புத்தகத்தின் மாதிரிப் பிரதியை உனக்கு அனுப்பியபோது நீ அழுவாய் என்று நினைத்தேன். கோபிப்பாய் என்று நினைக்கவில்லை. உன் வெய்லுன் எங்களை விட்டுப் போய் இது மூன்றாவது மாரி. அவரைப் பற்றி நான் கீறட்டுமா என்று முதலில் கேட்டது உன்னிடம்தான். "எனக்குக் கதைக்க ஏலாது அக்கா, நீங்கள் கீறுங்கோ" என்றாய். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குச் சித்திரம் படிப்பித்து முடித்து, வீட்டுக்கு வந்து, சமையல் மேசையில் இரண்டு வருடம் கீறினேன்.

எந்தப் பக்கம் உன்னை நோகடித்தது? நீ கண் பரிசோதிக்கப் போன இடத்தில், திரும்பவும் அவரைப் பார்க்கவேண்டும் என்பதற்காக எழுத்துகளை வேண்டுமென்றே பிழையாக வாசித்த பக்கமா? அது நீயே சிரித்துச் சிரித்துச் சொன்னது. கலியாணத்தன்று அம்மா உன் மாமியாரின் தேத்தண்ணிச் சடங்கில் கோப்பையை வாங்கி ஒரு மிடறு குடித்துவிட்டு, "இதென்ன, சீனி போட மறந்திட்டினமோ?" என்று கேட்ட பக்கமா? அம்மா அதைப் பார்த்துவிட்டு, "அதுக்கு நான் கோவிக்கேல்லை. ஆனால் என்னை ஏன் இவ்வளவு குண்டாக் கீறினனி?" என்று மட்டும்தான் கேட்டா.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கமாக இருக்காது என்று நம்புகிறேன். மலர்ச்சாலையில் உன் மாமி தடியை ஓங்கி நிற்கும் பக்கம். கீழே வெய்லுனின் சவப்பெட்டி. ஒரு சொல்லும் இல்லாத முழுப்பக்கப் படம். நான் இதுவரை கீறியவற்றில் அதுதான் சிறந்தது. பதிப்பாசிரியர் பியற்றிஸ் அதையே அட்டைக்குப் போடவேண்டும் என்று நிற்கிறாள்.

ஒரு வரியாவது எழுது.

அக்கா


சட்டன்
16 பெப்ரவரி 2025

அக்கா,

அந்தப் பக்கம்தான்.

நீங்கள் கீறியிருப்பது, மகன் செத்த பிறகும் ஆத்திரம் அடங்காத ஒரு தாயை. தமிழ்ப் பெட்டையைக் கட்டினான் என்ற கோபத்தைப் பெட்டியில் தீர்த்துவிட்டு, அடுத்த நாள் செத்தவீட்டுக்கும் வராமல், உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு இருந்தவ என்று. நூற்றுப் பதினான்காம் பக்கத்தில் அவவுக்காக ஒரு வெறுங்கதிரையையும் கீறி வைத்திருக்கிறீர்கள்.

அவர்களுடைய ஊரில், தாய்வானில், பிள்ளை பெற்றவர்களுக்கு முந்திப் போனால் அது பிள்ளை செய்த குற்றம். தாயைக் கடைசிவரை பார்க்காமல் போன குற்றம். அதற்கு அங்கே, போன இடத்தில், தண்டனை இருக்கிறது. அதனால் தாயோ தகப்பனோ பெட்டியில் தடியால் அடிக்கவேண்டும். நான் அடித்துவிட்டேன், கணக்கு முடிந்தது, இனி இவனை யாரும் அடிக்கவேண்டாம் என்று சொல்வதுதான் அந்த அடி. செத்தவீட்டுக்கு அவ வராததும் அப்படித்தான். மூத்தவர் இளையவரின் பெட்டிக்குப் பின்னால் நடந்தால் அந்தப் பாரம் போகிறவரின் தலையில் விழும். வராமல் இருந்ததுதான் அவ மகனுக்குச் செய்தது.

நீங்கள் ஒருக்காலும் கேட்கவில்லை. கீறினீர்கள்.

புத்தகம் வந்த அன்று தக்ஷிகா அதைச் சாப்பாட்டு மேசையில் விரித்து, "அப்பம்மா, பாருங்கோ, நீங்களும் இருக்கிறீங்கள்" என்று கூப்பிட்டாள். மாமிக்கு ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. அதற்காக நான் நிம்மதியாக இருந்தேன். படம் பார்க்க என்ன படிப்பு வேண்டும்? ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினா. தேத்தண்ணிப் பக்கத்தில் சிரிக்கவும் செய்தா. பிறகு அந்தப் பக்கம். மேசைவிரிப்பை இழுத்து நேராக்கினா, புத்தகத்தை மூடினா, எழும்பிப் போனா.

அடுத்த நாள் காலை தன் ஊருக்கு, தாய்னானுக்கு, ஒரு டிக்கெட் எடுத்துத் தரச் சொன்னா. எழுபத்தெட்டு வயது. அங்கே இப்போது அவவுக்கு வீடு என்று ஒன்று இல்லை. தக்ஷிகா பிறந்ததிலிருந்து எங்களோடு இருக்கிறா.

புத்தகத்தை நிற்பாட்டுங்கள்.

பிரசாந்தினி


ரெய்னர்ஸ் லேன்
20 பெப்ரவரி 2025

தினி,

உன் கடிதத்தை நின்றபடியே வாசித்தேன். அம்மா குசினியிலிருந்து "என்னவாம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தா. "ஒண்டுமில்லை, சுகமா இருக்கினமாம்" என்று பொய் சொன்னேன்.

எனக்குத் தெரியாது, தினி. அந்தத் தடியின் கருத்து எனக்குத் தெரியாது. கேட்டிருக்கவேண்டும். நான் பத்து நாள் செலவழித்து உன் மாமியின் கம்பளிச் சட்டையின் பின்னலைச் சரியாகக் கீறினேன். அவ ஏன் அடித்தா என்று ஒரு நாள் செலவழிக்கவில்லை.

ஆனால் ஒன்றை நான் எழுதத்தான் வேண்டும். அந்த அறையில் நான் இருக்கவில்லை. கார் நிறுத்த இடம் தேடி இரண்டு தெரு சுற்றிக்கொண்டிருந்தேன். நான் வந்தபோது நீ வாசலில் நின்றாய், மாமி டாக்சியில் ஏறிவிட்டா. காருக்குள் இருந்து நீ சொன்னது எனக்குச் சொல்லுக்குச் சொல் நினைவிருக்கிறது. "அடிச்சுப்போட்டுத் திரும்பிக்கூடப் பாக்காமல் போயிட்டா அக்கா. செத்த பிள்ளைக்கும் அடிக்கிற தாயை நீங்கள் கண்டிருக்கிறியளோ?" நான் கீறியது அந்த வசனத்தைத்தான். என் கண் பார்த்ததை அல்ல.

இதை எழுதியவுடன் வெட்கமாக இருக்கிறது. உன் தலையில் போட்டுவிட்டுத் தப்பப் பார்க்கிறேன் என்று நினைப்பாய். இன்னொன்றையும் எழுதினால்தான் சமன். நீ அதைச் சொன்னபோது எனக்குள் எங்கோ ஒரு மூலையில் ஒரு திருப்தி இருந்தது. நீ வெய்லுனைக் கட்டப் போகிறாய் என்றபோது நான் ஒரு சொல்லும் எதிர்த்துச் சொல்லவில்லை. எல்லோரும் என்னை நல்ல அக்கா என்றார்கள். ஆனால் அந்த வீட்டில் உனக்கு ஒரு குறை இருக்கிறதா என்று நான் பதினைந்து வருடமாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்றைக்கு ஒன்று கிடைத்தது. அதனால்தான் அந்தப் பக்கம் அவ்வளவு சுலபமாக வந்தது. மற்றப் பக்கங்களை ஐந்தாறு முறை கீறினேன். அது ஒரே இருப்பில் முடிந்தது.

புத்தகத்தின் கடைசியில் ஒரு குறிப்புப் போடலாம் என்று பியற்றிஸ் சொல்கிறாள். அந்த வழக்கத்தின் பொருளை விளக்கி அரைப்பக்கம். அது போதுமா?

அக்கா


சட்டன்
2 மார்ச் 2025

அக்கா,

குறிப்பு யாருக்கு? மாமிக்கு அதை யார் வாசித்துக் காட்டுவது? நானா? "மாமி, அக்கா உங்களைக் கொடுமைக்காரியாகத்தான் கீறியிருக்கிறா, ஆனால் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இல்லை என்று போட்டிருக்கிறா" என்று என் உடைந்த சீனத்தில் சொல்லட்டா?

எங்களுடைய அப்பா கொக்குவிலில் செத்தபோது அம்மா வாசல் படலையோடு நின்றுவிட்டா. பெண்கள் சுடலைக்குப் போவதில்லை. நாங்கள் இரண்டு பேரும் அவவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அதையும் ஒருநாள் கீறுங்கள். புருஷனுக்குப் பின்னால் நாலு அடி நடக்காமல் வீட்டுக்குள் திரும்பின பெண் என்று கீறுங்கள். தெரியாத வெள்ளைக்காரன் பார்த்தால் அப்படித்தானே நினைப்பான். நீங்கள் தெரியாத ஆள் இல்லை, அக்கா. நீங்களும் நானும் அந்தப் படலையடியில் நின்ற ஆட்கள்.

ஓம், அந்த வசனம் நான் சொன்னதுதான். மறுக்கவில்லை. காருக்குள் உங்களுக்குச் சொன்னேன், லண்டன் புத்தகக்கடைகளுக்குச் சொல்லவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். எழுத முடியவில்லை. ஏனென்றால் பிழை அங்கே முடியவில்லை. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமை வெய்லுனின் தங்கச்சி தாய்வானிலிருந்து போன் எடுத்து, "அம்மா அடித்தாவா? மூன்று தரமும் அடித்தாவா?" என்று அழுதுகொண்டு கேட்டா. அந்த அடி எதற்கு என்று அவ சொல்லித்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. அன்றே உங்களுக்கு எடுத்துச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எங்கள் சனம் எல்லாம் என்னைப் பார்த்து "பாவம், மாமியாரும் சரியில்லை" என்று சொல்லிக்கொண்டிருந்தது. ரசமும் புட்டும் கொண்டுவந்து தந்தார்கள். அந்தப் பரிதாபம் எனக்கு அப்போது வேண்டியிருந்தது. மாமி மேல்மாடியில் இருக்க, கீழே இருந்து அதைச் சாப்பிட்டேன்.

இப்போது மாமி என்ன நினைக்கிறா தெரியுமா? உங்களில் அவவுக்குக் கோபமே இல்லை. அந்த அறைக்குள் நின்றது அவவும் நானும் மலர்ச்சாலை ஆளும்தான். அக்கா இருக்கவில்லை என்று அவவுக்கு நன்றாகத் தெரியும். அப்படியென்றால் அந்தப் படத்தை யார் சொல்லிக் கீறியது? ஒரு நாளும் என்னிடம் கேட்கவில்லை. கேட்டால் நல்லது. இரவுச் சாப்பாட்டுக்கு எனக்கு முதலில் போடுகிறா, மீனின் நடுத்துண்டை வழக்கம் போல எனக்கே வைக்கிறா, என் முகத்தைப் பார்க்கிறா இல்லை.

டிக்கெட் ஏப்ரல் 12க்கு. திரும்பி வரும் திகதி போடவேண்டாம் என்றா.

தினி


ரெய்னர்ஸ் லேன்
11 மார்ச் 2025

தினி,

அச்சை நிறுத்தச் சொல்லிவிட்டேன். பியற்றிஸ் சத்தம் போட்டாள், பிறகு இந்த மாதம் 31 வரை தந்தாள். அதற்குள் புதிய பக்கம் கொடுத்தால் மாற்றலாம். கொடுக்காவிட்டால் பழையது போகும். முழுப் புத்தகத்தையும் விலக்கிக்கொள்ளும் உரிமை எனக்கு இப்போது இல்லை. கையெழுத்திட்டபோது அந்த வரியை நான் வாசித்தேன், அதன் பொருளை நினைக்கவில்லை.

அந்தப் பக்கத்தைத் திரும்பக் கீறிப் பார்த்தேன். ஒரு படத்தில் உன் மாமி அழுதுகொண்டு அடிக்கிறா. அது நாடகம் மாதிரி இருந்தது. இன்னொன்றில் பெட்டியைத் தடவுகிறா. அது பொய். ஒன்றில் முகத்தைக் கீறாமல் விட்டேன். அது என் கோழைத்தனம். பியற்றிஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, பழைய பக்கத்தில் இருக்கிற உயிர் இவற்றில் இல்லை என்றாள். அவள் சொல்வது சரி. அதுதான் என்னை நித்திரை கொள்ள விடாமல் வைத்திருக்கிறது. பழைய பக்கம்தான் நல்ல ஓவியம், தினி. ஒரு கிழவியின் மேல் அபாண்டம் சொல்கிற நல்ல ஓவியம். அதை என் கை இன்னும் விட விரும்பவில்லை என்பதையும் உனக்கு ஒளிக்கக் கூடாது.

நேற்று அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா, "அந்த மனுசி எனக்கு ஒவ்வொரு வருசமும் பழம் அனுப்பிறவ. நான் அண்டைக்கு அவவைப் போய்ப் பாக்கேல்லை. வராதவளை நான் ஏன் போய்ப் பாக்கவேணும் எண்டு இருந்திட்டன்" என்றா. பிறகு எழும்பிப்போய்ச் சாமியறை விளக்கைத் துடைக்கத் தொடங்கினா. அது ஏற்கெனவே துடைத்த விளக்கு.

உன்னிடம் கேட்கக் கூடாததைக் கேட்கிறேன். உண்மையில் அந்த அறையில் என்ன நடந்தது? எந்தக் கையில் தடி? முகம் எப்படி இருந்தது? நீ எங்கே நின்றாய்? எனக்குத் தெரியாததை இனிமேல் நான் கீற மாட்டேன்.

அக்கா


சட்டன்
18 மார்ச் 2025

அக்கா,

இதை மூன்று தரம் தொடங்கிவிட்டேன்.

தடி எங்கள் தோட்டத்துத் தடி. வெய்லுன் கோடையில் தக்காளிக்கு நட்டிருந்த மூங்கில். தக்காளிச் செடி காய்ந்துபோய் அதிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. மாமி அன்று காலையில் அதைப் பிடுங்கி, குழாயடியில் மண் போகக் கழுவி, பழைய துவாயில் சுற்றிக்கொண்டு வந்தா. எதற்கு என்று நான் கேட்டேன். அவ சொன்னது எனக்கு விளங்கவில்லை. அந்த நாட்களில் எனக்குத் தமிழே விளங்கவில்லை, அக்கா.

மலர்ச்சாலை ஆள் கதவருகே கைகட்டி நின்றான். வெய்லுனுக்கு நான் எடுத்துக் கொடுத்த நீலச் சட்டை. பெட்டியை மூடிய பிறகுதான் மாமி துவாயை விரித்தா. வலது கை. முதல் அடி மெதுவாக விழுந்தது, தட்டுவது மாதிரி. வெய்லுனைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா. அவனுடைய வீட்டுப் பெயர், சின்னப் பிள்ளைக்கு வைக்கும் பெயர். நான் அதை அதற்கு முன் கேட்டதே இல்லை. இரண்டாவது அடி பலமாக விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு மலர்ச்சாலை ஆள் அரை அடி முன்னுக்கு வந்தான். மாமியின் முகத்தில் கோபம் இருந்தது, அக்கா. அதை நீங்கள் பிழையாகக் கீறவில்லை. பிள்ளை ரோட்டுக்கு ஓடினால் இழுத்துப் பிடித்து அடிக்கிற தாயின் கோபம்.

மூன்றாவதற்குக் கை எழும்பவில்லை. தோளில் வாதம் அவவுக்கு. தடி பாதியில் நின்று நடுங்கியது. அவ என் பக்கம் திரும்பி, மற்றக் கையால் தன் முழங்கையைக் காட்டினா. இதைப் பிடி. அவ்வளவுதான் கேட்டா. அதற்கு மொழி தேவையில்லை. எனக்கு நன்றாக விளங்கியது.

நான் பின்னுக்குப் போனேன்.

என் புருஷனை அடிக்க நான் கை கொடுக்கமாட்டேன் என்று நினைத்தேன். அவ என்னைப் பார்த்துக்கொண்டே, தடியை இடது கைக்கு மாற்றி, எப்படியோ அந்த மூன்றாவதையும் போட்டா. சத்தமே கேட்கவில்லை. பிறகு தடியைத் துவாயில் சுற்றிக்கொண்டு போய் டாக்சியில் ஏறினா.

உங்களுக்குக் காருக்குள் சொன்னபோது இதை மட்டும் விட்டுவிட்டேன். இதை விட்டால்தான் மற்றதைச் சொல்ல முடியும்.

தினி


ரெய்னர்ஸ் லேன்
24 மார்ச் 2025

தினி,

புதிய பக்கம் இத்துடன் இருக்கிறது. மடிக்காமல் மட்டைக்குள் வைத்திருக்கிறேன்.

உன் கடிதத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. சொல்லத் தகுதியான ஆள் நான் இல்லை.

முழங்கையையும் நடுங்கும் தடியையும் நீ சொன்னபடி கீறியிருக்கிறேன். உன்னையும் கீறியிருக்கிறேன். கதவோரம், சின்னதாக, முகம் நிழலில் இருக்கும்படி. எங்கள் ஆட்கள் பார்த்தால் அது நீ என்று அடையாளம் பிடிப்பார்கள்; அதைத் தடுக்க என்னால் இவ்வளவுதான் முடிந்தது. உன்னை எடுத்துவிடு என்றாலும் எடுப்பேன். பிறகு அவ யாருக்கு முழங்கையைக் காட்டுகிறா என்று யாருக்கும் விளங்காது, அவ்வளவுதான்.

மாமிக்குக் காட்டுவதும் விடுவதும் உன் முடிவு. எதைப் போடுவது என்று 31க்கு முன் ஒரு சொல் அனுப்பு.

அக்கா


சட்டன்
27 மார்ச் 2025

அக்கா,

நேற்றுப் பின்னேரம் காட்டினேன். தக்ஷிகாவையும் பக்கத்தில் இருத்தினேன். அவள் சனிக்கிழமைச் சீனப் பள்ளிக்கூடம் போவதால் என்னைவிட நன்றாகக் கதைப்பாள். காருக்குள் நான் உங்களுக்குச் சொன்னதையும் அவளைக் கொண்டே சொல்வித்தேன். பதின்மூன்று வயதுப் பிள்ளையின் வாயால் அதைச் சொல்விக்கவேண்டி வந்தது. அவள் பாதியில் நிறுத்தி, "அம்மா, do I have to?" என்று கேட்டாள். ஓம் என்றேன்.

மாமி படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தா. முழங்கையைப் பார்த்துத் தலையாட்டினா. பிறகு கதவோரத்தில் நிற்கும் என் மேல் தன் பெருவிரலை வைத்து மூடினா. அப்படியே வைத்துக்கொண்டு தக்ஷிகாவிடம் நிறையச் சொன்னா.

"என்னவாம்?" என்றேன்.

"இது வேண்டாமாம். பழைய படம்தான் நல்லமாம். அதையே போடச் சொல்லட்டாம்."

"ஏன்?"

"அப்பம்மாவை இங்க ஒருத்தருக்கும் தெரியாதாம். நீங்கள்தான் இந்த ஆட்களோட இருக்கவேணுமாம். உங்களை ஒருத்தரும் பிழை சொல்லக் கூடாதாம். அவவைச் சொன்னால் she can take it என்கிறா, அம்மா."

மாமி பெருவிரலை எடுக்கவே இல்லை. அவ என்ன செய்கிறா என்று எனக்கு விளங்கப்படுத்த இந்த முறை தாய்வானிலிருந்து யாரும் போன் எடுக்கவேண்டியிருக்கவில்லை.

ஏப்ரல் 12க்குப் போகத்தான் போகிறா. நான் மறிக்கவில்லை. திரும்பும் திகதியைக் கேட்டேன். தக்ஷிகாவுக்குப் பள்ளிக்கூடச் சோதனை எப்போது முடியும் என்று கேட்டா. அதை எப்படி எடுத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நானாக நல்லதாக எடுத்துக்கொள்ள எனக்குப் பயமாக இருக்கிறது.

பழைய பக்கத்தைப் போடவேண்டாம். மாமி கேட்டதை நான் செய்யாமல் விடுவது இது இரண்டாவது தரம். இதற்கு நானே அவவிடம் பதில் சொல்லிக்கொள்வேன். புதியதையே கொடுங்கள். ஆனால் கொடுக்க முதல் ஒரு திருத்தம் செய்யவேண்டும். என்னைக் கதவோரத்தில் விட்டிருக்கிறீர்கள். நல்ல மனதோடுதான் செய்திருப்பீர்கள். அங்கே நின்றது மலர்ச்சாலை ஆள், அக்கா. பின்னுக்குப் போன பிறகும் நான் அவ்வளவு தூரத்தில் நிற்கவில்லை. கையை நீட்டியிருந்தால் எட்டியிருக்கும். அங்கே கீறுங்கள்.

தினி